ராகிக் கூழும் ‘ஆர்கானிக்’ டப்பாவும்

பங்காருப்பேட்டையில் பிரிந்து வரும் ரயில் பாதை மாரிகுப்பத்தில் முடிகிறது. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ந் தேதி தங்கச் சுரங்கம் மூடப்பட்ட பிறகு, இந்தக் கடைக்கோடி நிலையம்தான் தங்கவயல் தமிழர்களின் பிழைப்புக்கு வாசலாக இருந்து வருகிறது. பொழுது விடியுமுன் ரயில் ஏறி, பெங்களூரில் வேலை பார்த்து, இருட்டிய பின் வீடு திரும்பும் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் காலை ஆகாரத்தை வீட்டில் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடையாது. டிபன் பாக்ஸில் இட்லியோ சித்ரான்னமோ இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் ஒரு டீ, ஒரு பன்.

இவர்களுடைய பாட்டன் பூட்டன் காலத்தில் சுரங்கத்துக்குப் போனவர்கள் ராகிக் களியையும் கூழையும் நம்பிப் போனார்கள். வட ஆற்காட்டில் இருந்தும் சேலத்தில் இருந்தும் வந்தவர்களுக்கு அது புதிய உணவு அல்ல. ஊரில் கேழ்வரகு என்றார்கள். இங்கே வந்து ராகி என்றார்கள். பெயர்தான் மாறியது, பண்டம் மாறவில்லை.

இப்போது அதே ராகி பெங்களூரின் பெரிய கடைகளில் வண்ண அட்டை டப்பாவில் வந்து உட்கார்ந்திருக்கிறது. ‘ஆர்கானிக்’ என்ற சொல்லும் சேர்ந்துவிட்டால் விலை இன்னும் ஒரு படி ஏறுகிறது. கூழ் குடித்தவனின் பேரன் அந்த டப்பாவை எடுத்து, விலையைப் பார்த்து, திரும்ப வைத்துவிட்டு வருகிறான்.

ரசாயன உரமும் பூச்சி மருந்தும் இல்லாமல் விளைந்த தானியத்தில் செய்த காலை உணவுக்கு உலகெங்கும் கிராக்கி கூடியிருக்கிறது. அந்தக் கிராக்கியால் ராகி விளையும் கோலார் மாவட்டத்துக்குக் கிடைக்கப் போவது என்ன? ஆராய வேண்டிய கேள்வி இது.

நோயாளிகளுக்குப் பிறந்த உணவு

பங்காருப்பேட்டை–மாரிகுப்பம் ரயில் பாதை 1894-ல் திறக்கப்பட்டது. அதே ஆண்டில், அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் பேட்டில் கிரீக் என்ற ஊரில், ஒரு மருத்துவ விடுதியை நடத்தி வந்த டாக்டர் ஜான் ஹார்வி கெல்லாக்கும் அவர் தம்பி வில் கீத் கெல்லாக்கும் வேகவைத்த கோதுமையை உருளைகளில் நசுக்கி அவல் போன்ற ஒரு பண்டத்தைச் செய்தார்கள். எளிதில் சீரணமாகும் உணவு நோயாளிகளுக்கு வேண்டும் என்பதே நோக்கம். பிறகு மக்காச்சோளத்திலும் அதைச் செய்தார்கள். 1906-ல் தம்பி தனியாகக் கம்பெனி தொடங்கினார். மருந்தாகப் பிறந்தது வியாபாரமாயிற்று. வியாபாரத்தில் சர்க்கரையும் சேர்ந்தது.

ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த டாக்டர் பிர்ஷர் பென்னர், ஏறக்குறைய 1900-ல், ஓட்ஸையும் பழத்தையும் கலந்து தம் நோயாளிகளுக்குக் கொடுத்தார். அதுதான் இன்று மூஸ்லி என்ற பெயரில் விற்கிறது. ஆக, மேல்நாட்டார் காலையில் கிண்ணத்தில் போட்டுப் பால் ஊற்றிச் சாப்பிடும் இரண்டு வகைகளும் மருத்துவ விடுதிகளில் பிறந்தவையே.

‘ஆர்கானிக்’ என்ற முத்திரை பின்னால் வந்தது. அமெரிக்காவில் 1990-ல் சட்டம் செய்யப்பட்டு, 2002-ல் அரசாங்க முத்திரை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே பெரிய கம்பெனிகள் காற்று வீசும் திசையைக் கண்டுகொண்டன. 2000-ஆம் ஆண்டு வாக்கில் காஸ்கேடியன் ஃபார்ம் என்ற ஆர்கானிக் பெயரை ஜெனரல் மில்ஸ் கம்பெனியும், காஷி என்ற பெயரைக் கெல்லாக் கம்பெனியும் வாங்கின. 2014-ல் ஆனீஸ் என்ற கம்பெனியை ஜெனரல் மில்ஸ் 82 கோடி டாலர் கொடுத்து வாங்கியது.

கிண்ணம் குறைகிறது, விலை ஏறுகிறது

இந்தச் சந்தை வளர்கிறது என்று சொல்லும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். அமெரிக்காவில் காலையில் டப்பா உணவு சாப்பிடும் பழக்கம் பல ஆண்டுகளாகத் தேய்ந்து வருகிறது. 2020-ல் கொள்ளை நோய்க் காலத்தில் ஜனங்கள் வீட்டிலேயே அடைந்து கிடந்தபோது விற்பனை சற்று எழுந்து, மீண்டும் இறங்கியது. முட்டை, தயிர், நடந்துகொண்டே கடிக்கும் தானியக் கட்டி என்று சாப்பாட்டு முறை மாறிவிட்டது.

நூறாண்டு கடந்த கெல்லாக் கம்பெனி 2023-ல் இரண்டாகப் பிரிந்தது. அமெரிக்கக் காலை உணவு வியாபாரத்தைக் கவனித்த பகுதியை, 2025-ல் இத்தாலியின் சாக்லேட் கம்பெனியான ஃபெரேரோ சுமார் 310 கோடி டாலருக்கு வாங்கிக்கொண்டது.

ஆனால் ‘ஆர்கானிக்’ என்ற பிரிவின் கதை வேறு. அமெரிக்காவில் எல்லா வகை ஆர்கானிக் பொருள்களும் சேர்ந்து 2024-ல் 7,160 கோடி டாலருக்கு விற்றன. உலகம் முழுவதும் 2023-ல் நடந்த சில்லறை விற்பனை 13,600 கோடி யூரோ என்று கணக்கிடப்பட்டிருக்கிறது. பழைய வியாபாரம் தேயும்போது கூடுதல் விலை கொடுக்கத் தயாராக இருக்கும் வாடிக்கையாளரைத் தேடுவது கம்பெனிகளின் வழக்கம். பணம் பெருகுவதால் சாப்பிடுகிறவர் தொகையும் அதே வேகத்தில் பெருகுவதாக எண்ணிவிடக் கூடாது.

இந்த வாடிக்கையாளரை ஆர்கானிக் பக்கம் தள்ளியதில் பயத்துக்கும் பங்கு உண்டு. அமெரிக்காவிலும் கனடாவிலும் ஓட்ஸ் பயிரைச் சீராக உலர்த்துவதற்காக அறுவடைக்கு முன் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைத் தெளிக்கும் வழக்கம் உண்டு. அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியதாக இருக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-ல் வகைப்படுத்தியது. அமெரிக்க அரசின் சுற்றுச்சூழல் துறை அதை ஏற்கவில்லை. 2018-ல் கடைகளில் விற்கும் ஓட்ஸ் உணவுகளில் அந்த மருந்தின் மிச்சம் இருப்பதாக ஓர் அமைப்பு சோதனை முடிவை வெளியிட்டபோது தாய்மார்கள் கலங்கினார்கள். ஐரோப்பிய ஒன்றியமோ 2023-ல் அதே மருந்துக்கு மேலும் பத்து ஆண்டு அனுமதி கொடுத்தது. விஞ்ஞானிகள் ஒரு முடிவுக்கு வருவதற்குள் வியாபாரிகள் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார்கள்.

சூடான பாலில் நனைந்த பாடம்

இந்தியாவுக்குக் கெல்லாக் கம்பெனி 1994-ல் வந்தது. மகாராஷ்டிரத்தில் தலோஜாவில் தொழிற்சாலை அமைத்தது. முதல் சில ஆண்டுகள் எதிர்பார்த்த விற்பனை இல்லை. இந்தியர்கள் பாலைக் காய்ச்சிச் சூடாக ஊற்றினார்கள். மொரமொரப்பாக இருக்க வேண்டிய பண்டம் குழைந்து போயிற்று. காலையில் சூடாகச் சாப்பிட்டுப் பழகிய நாட்டில் குளிர்ந்த பாலை ஊற்றிக்கொள்ளச் சொன்னால் எடுபடுமா? விலையும் கூடுதல். பிறகு குழந்தைகளைக் குறிவைத்து இனிப்பு வகைகளை இறக்கிய பிறகே வியாபாரம் நிலைத்தது.

அடுத்த கட்டம் ராகி. பெங்களூரில் 2011-ல் தொடங்கிய சோல்ஃபுல் என்ற நிறுவனம் ராகியில் குழந்தைகளுக்கான காலை உணவு செய்து கடைகளில் வைத்தது. 2021-ல் அதை டாடா நிறுவனம் சுமார் 156 கோடி ரூபாய்க்கு வாங்கியது. ஐதராபாத்தில் 2004-ல் தொடங்கி ‘24 மந்த்ரா’ என்ற பெயரில் ஆர்கானிக் தானியங்களை விற்று வந்த நிறுவனத்தை 2025-ல் ஐ.டி.சி. வாங்கியது, அந்த ஒப்பந்தத்தின் மதிப்பு சுமார் 472 கோடி ரூபாய். அமெரிக்காவில் 2000-ல் நடந்தது, இருபது ஆண்டு கழித்து இங்கே நடந்தது. சிறியவர் வழி போட்டார், பெரியவர் வண்டி ஓட்டுகிறார்.

இதில் குற்றம் காண ஒன்றும் இல்லை. பெரிய நிறுவனம் வந்தால்தான் ஊர் ஊராகச் சரக்கு போகும். ஆனால் இந்த நூற்றுக்கணக்கான கோடிகள் கைமாறியது பெயருக்கும் முத்திரைக்கும் கடைத்தொடர்புக்கும்தான். ராகி விளைந்த நிலத்துக்கு அதில் பங்கு எதுவும் எழுதப்படவில்லை.

கோலார் மண்ணும் ராகியும்

கோலார் மாவட்டத்தில் வற்றாத ஆறு கிடையாது. ஏரிகளையும் வானத்தையும் நம்பியே விவசாயம். ஜூன், ஜூலை மழையில் விதைத்து நவம்பர், டிசம்பரில் அறுக்கும் ராகிதான் இந்தச் செம்மண்ணுக்கு ஏற்ற பயிர். அறுத்த தானியம் பல ஆண்டுகள் பூச்சி பிடிக்காமல் கிடக்கும். சாமை, தினை, வரகுக்கு உமி நீக்க இயந்திரம் வேண்டும். ராகிக்கு அந்தக் கஷ்டம் இல்லை, முழுத் தானியத்தையே அரைக்கலாம். நாட்டின் ராகி விளைச்சலில் பாதிக்கு மேல் கர்நாடகத்தில்தான் நடக்கிறது.

ராகியின் பூர்வீகம் கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலம். இங்குள்ள ரகங்களையும் ஆப்பிரிக்க ரகங்களையும் ஒட்டுச் சேர்த்து, ‘இன்டாஃப்’ என்ற பெயரில் அதிக விளைச்சல் தரும் ரகங்களை உண்டாக்கியவர் மண்டியாவில் உழைத்த விஞ்ஞானி லட்சுமணையா. பிறகு குலை நோயைத் தாங்கும் ஜி.பி.யு. 28 என்ற ரகத்தைப் பெங்களூர் விவசாயப் பல்கலைக்கழகம் கொடுத்தது. இந்த உழைப்பு இல்லாவிட்டால் ராகி இவ்வளவு காலம் தாக்குப் பிடித்திருக்காது.

இருந்தும் நிலம் கைநழுவியது. 1980-களில் சமூகக் காடு வளர்ப்பு என்ற பெயரில் கோலார் மாவட்டத்தின் ராகி நிலங்களில் தைலமரம் நுழைந்தது. ஆள் கூலி இல்லை, காவல் இல்லை, காகித ஆலைக்கு விற்றால் காசு என்று நிலம் உள்ளவர்கள் நட்டார்கள். ராகியும் போயிற்று, ராகி அறுக்கும் கூலியும் போயிற்று, நிலத்தடி நீரும் இறங்கியது என்று எதிர்ப்பு எழுந்தது. புதிதாகத் தைலமரம் நடக்கூடாது என்று மாநில அரசு தடை போட்டது 2017-ல்தான். இதற்கிடையே ஆழ்துளைக் கிணறு உள்ளவர்கள் தக்காளிக்கும் மல்பெரிக்கும் மாறினார்கள்.

தட்டிலும் மாற்றம் வந்தது. ராகி தின்பவன் ஏழை, அரிசி தின்பவன் வசதியானவன் என்ற எண்ணம் ஒரு பக்கம். ரேஷனில் மலிவாக வந்த அரிசி இன்னொரு பக்கம். களி கிளற நேரம் வேண்டும், தோள் வலிமை வேண்டும். விடியுமுன் ரயில் பிடிக்கும் குடும்பத்தில் இரண்டுக்கும் பஞ்சம்.

இந்த ஊர்களுக்கு உடனடிக் காலை உணவு புதிதும் அல்ல. ராகியைச் சுடுமணலில் பொரித்து அரைத்த மாவைக் கன்னடத்தில் ஹுரிஹிட்டு என்பார்கள். வெல்லமும் பாலும் சேர்த்துப் பிசைந்தால் அடுப்பே மூட்ட வேண்டாம். பேட்டில் கிரீக் மருத்துவ விடுதியில் தேடிக் கண்டுபிடித்ததைக் கோலார் பாட்டிகள் பானையில் வைத்திருந்தார்கள்.

விலையில் யாருக்கு எவ்வளவு?

2025-26 பருவத்தில் ராகிக்கு மத்திய அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு 4,886 ரூபாய். கிலோவுக்கு 49 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2017-18-ல் அது 1,900 ரூபாயாகத்தான் இருந்தது. இந்த உயர்வு விவசாயிக்குப் பெரிய ஆறுதல் என்பதில் ஐயம் இல்லை. ரேஷனுக்காக மாநில அரசு ராகி கொள்முதல் செய்வதுதான் இந்த விலையைத் தாங்கிப் பிடிக்கிறது. உலகச் சந்தை அல்ல.

இந்த உண்மை முக்கியமானது. உலகில் சான்று பெற்ற ஆர்கானிக் விவசாயிகள் 2023-ல் சுமார் 43 லட்சம் பேர். அவர்களில் 23 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இந்தியாவில். அதாவது பாதிக்கு மேல். ஆனால் 2024-25-ல் இந்தியா செய்த ஆர்கானிக் ஏற்றுமதியின் மொத்த மதிப்பு சுமார் 66 கோடி 60 லட்சம் டாலர். 13,600 கோடி யூரோ சந்தையில் இது நூற்றில் ஒரு பங்குகூட ஆகாது.

ஏற்றுமதி என்பது மூட்டை விலை, சந்தை மதிப்பு என்பது கடை விலை. இரண்டையும் ஒப்பிடலாமா என்று கேட்கலாம். அந்த வித்தியாசத்தில்தான் விஷயம் இருக்கிறது. மூட்டையாக அனுப்புகிறவனுக்கு மூட்டை விலை, டப்பாவாக விற்கிறவனுக்கு டப்பா விலை. இந்தியா இன்னும் பெரும்பாலும் மூட்டை அனுப்பும் நாடாகவே இருக்கிறது.

ஏற்றுமதியும் நிலையாக இல்லை. 2020-21-ல் 104 கோடி டாலரைத் தொட்டது, 2023-24-ல் 49 கோடிக்கு விழுந்தது. இந்திய எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்ற ரசாயனம் இருப்பதை 2020-ல் ஐரோப்பிய நாடுகள் கண்டுபிடித்தன. பிறகு இந்தியாவில் இயங்கும் சில சான்று நிறுவனங்களின் அங்கீகாரத்தை ஐரோப்பிய ஒன்றியம் நீக்கியது. இந்தியா தரும் சான்றை ஏற்கும் ஏற்பாட்டை 2021-ல் அமெரிக்காவும் முடித்துக்கொண்டது. யாரோ செய்த கலப்படத்துக்கு ஒழுங்காக விளைவித்தவனும் அபராதம் கட்டினான்.

சான்றுக்கு நடக்கும் நடை

‘மருந்தே அடிக்காமல்தான் ராகி விளைகிறது, அப்படியானால் எல்லாமே ஆர்கானிக்தானே?’ என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. ராகிக்குப் பூச்சி மருந்து அதிகம் தேவைப்படுவதில்லை என்பது மெய். ஆனால் யூரியாவும் டி.ஏ.பி.யும் போடும் விவசாயிகள் ஏராளம். அடுத்த வயல் தக்காளிக்கு அடிக்கும் மருந்து காற்றில் வரும் ஆபத்தும் உண்டு.

ஏற்றுமதிக்கான சான்று 2001-ல் ஏற்பட்ட தேசியத் திட்டத்தின் கீழ் வருகிறது. ராகி போன்ற ஒரு பருவப் பயிருக்கு, நிலம் மாறுவதற்கு இரண்டு ஆண்டு காத்திருக்க வேண்டும். அந்த இரண்டு ஆண்டும் விளைச்சல் குறையலாம். விலை மட்டும் சாதாரண விலைதான். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் தனியாகச் சான்று வாங்கக் கட்டுப்படியாகாது. எனவே 25 பேருக்குக் குறையாத குழுவாகச் சேர வேண்டும். விதை முதல் விற்பனை வரை கணக்கு எழுத வேண்டும். ஒருவர் தவறினால் குழு முழுவதும் பதில் சொல்ல வேண்டும்.

உள்நாட்டு விற்பனைக்கு எளிய வழி ஒன்று உண்டு. அக்கம் பக்கத்து விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்துச் சான்று கொடுத்துக்கொள்ளும் முறை அது. செலவு குறைவு, ஆனால் அதை வைத்து வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. ஆண்டு விற்பனை 12 லட்சம் ரூபாய்க்கு மேல் போகாத சிறு விவசாயி நேராக வாடிக்கையாளருக்கு விற்றால் சான்றே கட்டாயம் இல்லை; முத்திரை மட்டும் ஒட்டக்கூடாது.

ஆர்கானிக் விவசாயத்துக்கென 2004-லேயே கொள்கை வகுத்த மாநிலம் கர்நாடகம். கோலார் மாவட்டத்தின் வேமகல் தொகுதியில் இருந்து அரசியலில் வளர்ந்த கிருஷ்ண பைரே கவுடா விவசாய மந்திரியாக இருந்தபோது, 2017 முதல் பெங்களூரில் சிறுதானியக் கண்காட்சிகள் பெரிய அளவில் நடந்தன. 2023-ஐ ஐ.நா. சபை உலகச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. அதை முன்மொழிந்தது இந்தியா. சிறுதானியப் பண்டங்கள் செய்யும் தொழிலுக்கு மத்திய அரசு 800 கோடி ரூபாய் ஊக்கத்தொகை ஒதுக்கியது. விளம்பரத்துக்குக் குறைவில்லை.

ஆண்டீஸ் மலையின் எச்சரிக்கை

சிறுதானியத்துக்கு முன் இதே மரியாதை பெற்ற தானியம் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலை மக்கள் உண்ட கீன்வா. பொலிவியாவிலும் பெருவிலும் அது ஏழைகளின் உணவாக இருந்தது. மேல்நாட்டு ஆர்கானிக் கடைகளில் இடம் பிடித்ததும் விலை பல மடங்கு ஏறியது. 2013-ஐ கீன்வா ஆண்டு என்று ஐ.நா. கொண்டாடியது.

கொண்டாட்டத்தைப் பார்த்து எல்லாரும் விதைத்தார்கள். பெருவின் கடலோரச் சமவெளிகளில் உரமும் மருந்தும் போட்டு ஏராளமாக விளைவித்தார்கள். மற்ற நாடுகளும் இறங்கின. 2014-ல் உச்சத்தில் இருந்த விலை இரண்டே ஆண்டில் பாதிக்கும் கீழே விழுந்தது. ஆடு மாடு மேய்ந்த நிலத்தையும் உழுதுவிட்ட மலை விவசாயிகள் திகைத்து நின்றார்கள்.

மேல்நாட்டுக் கிண்ணத்தை மட்டும் நம்பி விதைத்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். கோலார் ராகிக்கு உள்ள பெரிய பலம், அதைத் தின்னும் ஜனங்கள் அதன் பக்கத்திலேயே இருப்பது. அந்தப் பலத்தை விட்டுவிட்டு அயல்நாட்டுக் கடையைத் தேடுவது, மடியில் இருக்கும் நெய்யை விட்டு வெண்ணெய் தேடிய கதை.

டப்பாவைத் திருப்பிப் பாருங்கள்

வாங்குகிறவர்களும் கவனிக்க வேண்டியவை சில உண்டு. ‘ஆர்கானிக்’ என்பது விளைவித்த முறையைச் சொல்லும் சொல். உடம்புக்கு நல்லது என்ற சான்று அல்ல. ஆர்கானிக் சர்க்கரையும் சர்க்கரைதான்.

டப்பாவின் பின்புறம் சேர்மானங்கள் எடை வரிசையில் அச்சிடப்பட்டிருக்கும். எது அதிகமோ அது முதலில் வரும். முன்பக்கம் ராகி படம் போட்டிருந்தால், உள்ளே ராகி எத்தனை சதவிகிதம் என்றும் சொல்ல வேண்டும் என்பது விதி. சர்க்கரை இரண்டாவது, மூன்றாவது இடத்தில் இருந்தால் அதைக் காலை உணவு என்பதைவிட மிட்டாய் என்பது பொருத்தம். உள்நாட்டில் சான்று பெற்ற ஆர்கானிக் பொட்டலத்தில் ‘ஜைவிக் பாரத்’ முத்திரை இருக்கும்.

100 கிராம் ராகியில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்து உண்டு. தீட்டிய அரிசியில் 10 மில்லிகிராம் தேறினால் அதிகம். வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மார்களுக்கும் இது பெரிய வித்தியாசம். ராகியை முளைகட்டி வறுத்து அரைத்தால் அதன் இரும்புச் சத்து உடம்பில் சேர்வதும் எளிதாகிறது. ஆனால் நீரிழிவுக்கு ராகி மருந்து என்று சொல்வது மிகை. நைசாக அரைத்துக் கூழாகக் காய்ச்சினால் அதன் மாவுச்சத்தும் விரைவாகச் சர்க்கரையாக மாறும். அளவறிந்து சாப்பிட வேண்டியதே.

வரியிலும் ஒரு விசித்திரம் நேர்ந்திருக்கிறது. கார்ன்பிளேக்ஸ் போன்ற டப்பா உணவுகளுக்கு இருந்த 18 சதவிகித வரி, 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. பெயர் ஒட்டிய பொட்டலத்தில் வரும் ராகி மாவுக்கும் 5 சதவிகிதம்தான். சர்க்கரை பூசிய அவலும் வெறும் ராகி மாவும் வரிக் கணக்கில் ஒரே வரிசைக்கு வந்துவிட்டன. வரிக் குறைப்பால் மாரிகுப்பம் கடையிலும் டப்பாவின் விலை இறங்கலாம். அதனால் கூழ்ப் பானை இன்னும் ஒரு படி பின்னால் போகவும் கூடும்.

ஆலை இருந்தால் ஆதாயம்

கோலாருக்கு வழி இல்லாமல் இல்லை. ஆந்திராவில் அனந்தப்பூர் மாவட்டம் கோலாரைப் போலவே, அதைவிடக் கொஞ்சம் அதிகமாகவே காய்ந்த பூமி. அங்கே 1990-ல் தொடங்கிய திம்பக்டு அமைப்பின் துணையோடு சிறு விவசாயிகள் சேர்ந்து கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். ஆர்கானிக் சிறுதானியத்தைச் சங்கமே வாங்கி, சங்கமே பதப்படுத்தி, தன் பெயரிலேயே பெங்களூர் போன்ற நகரங்களில் விற்கிறது. மூட்டையோடு நிற்கவில்லை, பொட்டலம் வரை போனார்கள். தமிழ்நாட்டில் கொல்லிமலையிலும், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் உதவியால், பெண்கள் குழுக்கள் சாமை உமி நீக்கும் இயந்திரங்களை நடத்தி மாவாகவும் கலவையாகவும் விற்றார்கள்.

தங்கவயலில் நிலம் உள்ளவர்கள் குறைவு. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைக்கு வயல் கிடையாது, லைன் வீடுதான் உண்டு. ஆனால் இங்கே ஆள் இருக்கிறது, இயந்திரம் தெரிந்த கை இருக்கிறது, பெங்களூருக்கு ரயில் இருக்கிறது. சுற்றியுள்ள பேத்தமங்கலம், முல்பாகல், பங்காருப்பேட்டை கிராமங்களில் ராகி இருக்கிறது. கிராமம் விளைவித்து, தங்கவயல் முளைகட்டி வறுத்து அரைத்துப் பொட்டலம் போட்டால், மாவு விலைக்கும் மூட்டை விலைக்கும் உள்ள வித்தியாசம் மாவட்டத்துக்குள்ளேயே தங்கும். முறையைக் கற்றுக்கொடுக்க மைசூரில் 1950 முதல் இயங்கும் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது.

இந்த மாவுக்கு வாங்குபவர் யார்? இங்கேதான் அரசின் பொறுப்பு வருகிறது. 2024 பிப்ரவரியில் கர்நாடக அரசுப் பள்ளிகளில் பாலுடன் ராகி மால்ட் கொடுக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. நாள் தவறாமல் தேவைப்படும் சரக்கு அது. அந்தந்த மாவட்டத்துப் பள்ளிக்கு அந்தந்த மாவட்டத்து ராகியும், அந்தந்த மாவட்டத்துப் பெண்கள் குழு அரைத்த மாவும் என்று ஒரு விதி செய்தால், உலகச் சந்தை ஏறினாலும் இறங்கினாலும் ஆலை ஓடும். கீன்வா விவசாயிக்கு இல்லாத பாதுகாப்பு இது. ஆலை நிலைத்த பிறகு ஆர்கானிக் சான்று, பெங்களூர்க் கடை, அயல்நாடு என்று படிப்படியாக ஏறலாம்.

மாவட்டத்துக்கு ஒரு பொருள் என்ற மத்திய அரசின் சிறு உணவுத் தொழில் திட்டத்தில் கோலாருக்குக் குறிக்கப்பட்ட பொருள் தக்காளி. தக்காளி அழுகும் சரக்கு, அதற்கு உதவி வேண்டியதே. ஆனால் தண்ணீர் இல்லாத விவசாயிக்கும் நிலம் இல்லாத தொழிலாளிக்கும் பயன்படுவது ராகி. அதற்கும் இடம் கொடுக்கும்படி கேட்பதில் தவறு இல்லை. கேட்க வேண்டியவர்கள் சட்டமன்ற உறுப்பினரும், பாராளுமன்ற உறுப்பினரும், நகரசபையும்.

நூறாண்டுக்கு மேல் இந்த மண்ணில் இருந்து தங்கம் வெளியே போயிற்று. தோண்டியவர்களுக்குக் கூலி கிடைத்தது. தங்கத்தின் விலை வேறு எங்கோ நிர்ணயமாயிற்று. சுரங்கம் மூடிய அன்று அவர்கள் கையில் மிஞ்சியது என்ன என்பதை மாரிகுப்பம் ஜனங்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ராகி தோண்டத் தோண்டக் குறையும் பொருள் அல்ல. மழை பெய்தால் மறுபடியும் விளையும். ஆனால் அதுவும் மூட்டையாகவே வெளியேறி டப்பாவாகத் திரும்பி வருமானால், பழைய கதையில் பொருளின் பெயர் மட்டுமே மாறியிருக்கும்.